கத்திரிக்கோல் சின்னம்

மார்ச் 3, செவ்வாய்

கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. இதைப் படிக்கப் போகிறவன் நான் ஒருவன்தான். சரி, என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். 'ழ' எழுதினால் வாலைச் சுருட்டிக்கொண்டு கோட்டுக்குக் கீழே படுத்துவிடுகிறது. 'ஞ' பக்கத்து எழுத்தின் காலை மிதிக்கிறது. ஒரு வரி முடிவதற்குள் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வற்றிவிடுகிறது. இன்றும் அப்படித்தான். தேநீர் போச்சு. வரி மிச்சம்.

நூலகத்தம்மாதான் எழுதச் சொன்னார். நூலகத்தின் பின்னறையில் எங்களைப் போன்ற வயதான மாணவர்களுக்குக் காலையில் வகுப்பு எடுக்கிறவர். குழந்தைகளுக்கான நாற்காலியில் உட்காருகிறோம். முழங்கால் தாடையில் இடிக்கிறது. "தெனமும் ரெண்டு வரியாவது எழுதுங்க பெரியவரே. யாருக்கும் காட்ட வேண்டாம், எனக்கும் காட்ட வேண்டாம்" என்றார்.

படிக்க வந்த பிறகு உலகத்தில் எல்லாமே பேச ஆரம்பித்துவிட்டது. தீப்பெட்டி பேசுகிறது, மாத்திரை அட்டை பேசுகிறது. நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே தையல்கடை. அதன் வாசலில் ஒரு பலகை. எத்தனையோ வருஷமாக அது கடவுள் வாழ்த்து என்று நினைத்து, காலையில் படியிறங்கும்போது ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவேன். போன மாதம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'தைத்த துணி திரும்பப் பெறப்பட மாட்டாது.' இப்போதும் கும்பிடுகிறேன். பழக்கம் விடவில்லை.

மார்ச் 5, வியாழன்

இன்று கடையைப் பற்றி எழுத வேண்டும். கடை என்றால் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற மதுக்கடை. குடிகாரன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. சாயந்திரம் ஒரே ஒரு கிளாஸ். அதையும் சூடான பால் மாதிரி மெல்ல மெல்லக் குடிப்பேன். சப்ளையர் முனகுவார்: "ரெண்டு பெருசுங்களும் கிளாஸ அடைகாக்குதுங்க. குஞ்சு பொரிச்சதும் சொல்லுங்க, வந்து எடுத்துக்கறேன்."

இரண்டாவது பெருசு வெல்டர். ஒன்பது வருஷமாக மூலை மேசையில், ஓடாத ஃபேனுக்குக் கீழே, எனக்கு எதிரே உட்காருகிறவன். கேட்டும் கிரில்லும் பற்றவைத்தே காலம் தள்ளியவன். கை நடுங்க ஆரம்பித்ததும் விட்டுவிட்டான். நெருப்பைப் பார்த்த கண் என்பதால் எப்போதும் தண்ணீர் வடியும். ஒருநாள் புதிதாக வந்த ஒருவர் இரக்கப்பட்டு, "அழாதீங்க பெரியவரே, எல்லாம் சரியாயிடும்" என்றார். "எனக்காக இல்லப்பா, உன்னைப் பாத்துதான் அழறேன்" என்றான் வெல்டர்.

நான் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவன். அதனால் வெல்டருக்கு நான் 'லிஃப்ட்டு'. தினமும் என்னைப் பார்த்ததும் கேட்பான்:

"என்ன லிஃப்ட்டு, மேலயா கீழயா?"

"கீழதான்" என்பேன். உட்காருவேன். ஒன்பது வருஷமாக இதே கேள்வி, இதே பதில். சிரிப்பும் அதேதான்.

எங்கள் மேசைக்குச் சில வழக்கங்கள் உண்டு. கடை ஷட்டரின் அடியில் பூட்டு மாட்டுகிற இரும்பு வளையம் வெல்டர் பற்றவைத்தது. வரும்போது செருப்பு நுனியால் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். கிளாஸில் கடைசி வாயை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் குடிக்க வேண்டும். வீட்டுக் கதை பேசக் கூடாது. அது அவன் போட்ட சட்டம். "வீட்டை மறக்கத்தான வரோம், அதை இங்க வேற இழுத்துட்டு வரணுமா?" எனக்கு மறப்பதற்கு வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

அவனும் எழுதப் படிக்கத் தெரியாதவன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கையெழுத்து — கட்டைவிரல். நான் வகுப்புக்குப் போவதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. கிண்டல் செய்வான் என்று பயம். இல்லை — கிண்டல் செய்யாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம்.

மார்ச் 8, ஞாயிறு

மகள் போன் செய்தாள். "சாப்டியாப்பா?" சாப்பிட்டேன். "மாத்திரை?" போட்டேன். "வேற என்னப்பா?" வேற என்ன இருக்கிறது. வைத்துவிட்டாள். பாவம், அவளுக்கு ஆயிரம் வேலை.

தெருவில் தேர்தல் வண்டிகள் கத்திக்கொண்டே போகின்றன. எங்கள் வட்டத்துக்கு மருந்துக்கடை அம்மா நிற்கிறார். ஜெயித்தால் மதுக்கடையை இங்கிருந்து தூக்கிவிடுவேன் என்கிறார். அவருடைய சின்னம் சாவி. "சாவிய வெச்சுக்கிட்டு பூட்டப் போறேன்னு சொல்ற ஒரே ஆளு இவங்கதான்" என்கிறார் சப்ளையர். தையல்காரர் மனைவி அவர் பக்கம். "பஸ்ஸுக்கு நிக்க முடியல அங்க. மேல வந்து விழறானுங்க" என்றாள். அதுவும் உண்மைதான். நான் யார் மேலும் விழுந்ததில்லை. ஆனால் விழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

பேனா மை தீர்ந்தது. பென்சிலில் எழுதினால் எழுத்து இன்னும் மெலிந்து போகிறது.

மார்ச் 11, புதன்

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேனா? தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

கடைச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஆட்கள் கிளாஸும் கையுமாகச் சுற்றி நின்றார்கள். "என்ன போட்டிருக்கு, என்ன போட்டிருக்கு" என்று பின்னால் இருந்தவர்கள் கேட்டார்கள். முன்னால் நின்றவர்களுக்கோ எழுத்து ஆடுகிற நேரம். எனக்குக் கை துறுதுறுத்தது. எழுந்து போய், விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, சத்தமாகப் படித்தேன்:

"உள்ளாட்சித் தேர்தலை முன்னிட்டு, வியாழக்கிழமை மாலை ஐந்து மணி முதல் சனிக்கிழமை வாக்குப்பதிவு முடியும் வரையிலும், வாக்கு எண்ணும் செவ்வாய்க்கிழமை முழுவதும், மது விற்பனை தடை செய்யப்படுகிறது. மீறுவோரின் உரிமம் ரத்து செய்யப்படும்."

'உள்ளாட்சி'யில் கொஞ்சம் தடுக்கினேன். 'உரிமம்' ஒரே மூச்சில் வந்தது. கை தட்டினார்கள். "லிஃப்ட்டு, நீ எத்தனாவது மாடியில படிச்ச?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படியே திரும்பி வெல்டரைப் பார்த்தேன்.

அவன் சிரிக்கவில்லை.

"எப்போலேருந்து?" என்றான்.

"ஏழெட்டு மாசமா. நூலகத்துல ஒரு அம்மா சொல்லித் தராங்க."

"ஏழெட்டு மாசமா தெனமும் எதிர்ல உக்காந்திருக்க."

"சொல்லணும்னுதான்யா இருந்தேன்."

"சரி சரி. நல்லதுதான." எழுந்துவிட்டான். "கண்ணு எரியுது, கெளம்பறேன்."

கிளாஸில் கடைசி வாய் மிச்சம் இருந்தது. ஒன்பது வருஷத்தில் அவன் அப்படி வைத்துவிட்டுப் போனதில்லை. என்னுடையதையும் நான் குடிக்கவில்லை. சப்ளையர் இரண்டு கிளாஸையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போனார். குஞ்சு பொரித்ததா என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்று மூன்று மணிக்கே போய் உட்கார்ந்தேன். கடையில் திருவிழாக் கூட்டம். இரண்டு நாளைக்குச் சேர்த்து வாங்கி, பையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு போனார்கள். எதிர் நாற்காலியில் யாராவது உட்கார வந்தால், "ஆள் வராரு" என்றேன். ஆள் வரவில்லை. ஷட்டரை இறக்கும்போது கடைசியாக வெளியே வந்தவன் நான்.

மார்ச் 13, வெள்ளி

காலை வகுப்பு இல்லை. நூலகத்தம்மா தேர்தல் வேலைக்குப் போய்விட்டார்.

சாயந்திரம் என்பது இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கத்தான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேனோ? வெளிச்சம் ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு வந்தது, கட்டிலிலிருந்து சுவருக்குப் போனது. போகவே மாட்டேன் என்று அங்கேயே நின்றது. ரேடியோவில் தேர்தல். அணைத்தேன். அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. ஒரே ஒரு நாற்காலி. மனைவி போன பிறகு இன்னொன்றை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு இங்கே யாரும் வந்து உட்கார்ந்ததில்லை என்பது இன்றுதான் கண்ணில் பட்டது.

எனக்குத் தொண்டை வறளவில்லை. சத்தியமாக ஒரு சொட்டுக்கும் ஆசை வரவில்லை. வாய்தான் சும்மா கிடந்தது. பேச ஆளில்லாமல்.

வெல்டர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று செருப்பை மாட்டினேன். ஒரு காலில் மாட்டிவிட்டு நின்றேன். எங்கே போவது? அவன் வீடு எங்கே இருக்கிறது? கிழக்கா, மேற்கா? அவனிடம் போன் கிடையாது. "இருக்கற ரெண்டு காதே ஜாஸ்தி" என்பான். என் வீடும் அவனுக்குத் தெரியாது. ஒன்பது வருஷம். என்ன சிநேகிதம்யா இது?

கடைக்கே போனேன். ஷட்டர் மூடியிருந்தது. நாலைந்து பேர் எதிர்ச்சுவரில் சாய்ந்து, ஷட்டர் தானாகத் திறந்துகொள்ளும் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் ஜீப் வந்து விரட்டியது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தையல்காரர் துணியில் கோடு போடுகிற தட்டையான சாக்குக்கட்டி ஒன்றை எனக்கு எழுதிப் பழகக் கொடுத்திருந்தார். சட்டைப்பையில் இருந்தது. ஷட்டரில், பூட்டு வளையத்துக்கு மேலே, அவன் கண் படுகிற இடத்தில் எழுதினேன்:

'வெல்டர், என் வீடு பெரிய தெரு முனையில் தையல்கடை மாடி. அவசியம் வா. — லிஃப்ட்டு.'

ஷட்டர் மடிப்பு மடிப்பாக இருப்பதால் எழுத்து ஏறி ஏறி இறங்கியது. ஆனாலும் பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது — எழுதுகிறேனே, வெட்கம் என்ன — அழகாகத்தான் இருந்தது. நானே எழுதி, தெருவில் எல்லாரும் பார்க்கிற முதல் எழுத்து. இரண்டு தடவை படித்துவிட்டு, சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். வருவான்.

மார்ச் 14, சனி

மடையன். நான் மடையன். நான் ஒரு வடிகட்டின மடையன்.

காலையில் ஓட்டுப் போட வரிசையில் நின்றேன். பள்ளிக்கூடச் சுவரில் இருந்ததையெல்லாம் படித்துக்கொண்டே போனேன். உள்ளே ஒரு அதிகாரி என்னைப் பார்த்ததும் கைநாட்டுக்கு மை டப்பாவைத் திறந்து நகர்த்தினார். "பேனா குடுங்க தம்பி" என்றேன். வாழ்க்கையில் முதல் கையெழுத்து. எழுத எழுத வரிசை நின்றுவிட்டது. "என்ன பெரியவரே, உயிலா எழுதறீங்க?" என்றார் பின்னால் இருந்தவர். எழுதட்டும் என்று அதிகாரி கையைக் காட்டி அவரை அடக்கினார். நல்ல மனிதர்.

வாக்குச்சீட்டை எடுத்துக்கொண்டு மறைவுக்குப் போனேன். பெயர்களைப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு படம். குடை. சாவி. தராசு. அலமாரி. இத்தனை தேர்தலிலும் நான் படத்தைப் பார்த்துத்தான் குத்தினேன். இந்தத் தடவை பெயரைப் படித்துவிட்டு, பிறகுதான் படத்தைப் பார்த்தேன். பெயர் போட்டிருக்கும்போது படம் எதற்கு என்று நினைத்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு —

வெல்டருக்கு அல்லவா நான் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

படிக்கத் தெரியாதவனுக்குப் போய் எழுதி வைத்தேன். எந்த எழுத்தைப் பார்த்துக் கிளாஸை மிச்சம் வைத்துவிட்டுப் போனானோ, அதையே ஷட்டர் முழுக்க எழுதி வைத்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் நானும் அப்படித்தானே இருந்தேன், அதற்குள் எப்படி மறந்தது? யாருக்கு முத்திரை குத்தினேன் என்பதை இங்கேகூட எழுதமாட்டேன். இப்போது எனக்கே படிக்கத் தெரியும்.

நேராகக் கடைக்குப் போனேன். என் எழுத்து நடுவில் கலைந்திருந்தது. கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே சொன்னார்: "உங்க கூட்டாளி நேத்து இருட்டற நேரத்துல வந்தாரு. அந்த எழுத்தையே பாத்துட்டு நின்னாரு. வெரலால தடவிப் பாத்தாரு."

"என்ன எழுதியிருக்குன்னு உங்களக் கேட்டாரா?"

"கேக்கல. கேட்டா சொல்லியிருப்பேன். கீழ வளையத்த ஒரு தட்டு தட்டிட்டுப் போயிட்டாரு."

கேட்கமாட்டான். அவனை எனக்குத் தெரியும். வீடுதான் தெரியாது.

சரி, நாளைக்குக் கடை திறக்கிறது. நேரில் சொல்லிவிடலாம்.

மார்ச் 15, ஞாயிறு

கடை திறந்தது. எல்லாரும் வந்தார்கள். அவன் வரவில்லை.

மகளுக்குப் போனில், "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். அவள் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

இரும்புப் பட்டறைகள் இருக்கிற தெருவுக்குப் போனேன். வாசலுக்கு வாசல் பொறி பறந்தது. ஒரு பட்டறையில் முகமூடியைத் தூக்கிவிட்டு ஒருவர் கேட்டார்:

"யாரத் தேடறீங்க?"

"வெல்டர்."

"இங்க எல்லாருமே வெல்டர்தான் பெரியவரே. எந்த வெல்டர்? பேரு?"

"வயசானவரு. கண்ணுல தண்ணி வரும்."

அவர் தன் கண்ணைத் துடைத்துக் காட்டினார். பக்கத்தில் இருந்தவரும் துடைத்துக்கொண்டார். கேலிக்கு இல்லை. எல்லாருக்கும்தான் வருகிறது.

பேர் தெரியாது. ஒன்பது வருஷமாக எதிரே உட்கார்ந்தவனின் பேர் எனக்குத் தெரியாது. படித்து என்ன கிழித்தேன்?

சாயந்திரம் கடையில் எனக்கு எதிரே வேறு ஒருவர் வந்து உட்கார்ந்தார். "ஆள் வராரு" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. கிளாஸைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நான் வேலை செய்த லிஃப்டுக்குள் ஒரு தகரம் அடித்திருந்தார்கள். அதற்குக் கீழேதான் என் முக்காலி. போன மாதம் ஒரு சாக்குச் சொல்லி அந்தக் கட்டடத்துக்குப் போய் அதைப் படித்துவிட்டு வந்தேன். 'லிஃப்ட் இடையில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். உதவி வரும்.' ஆயுசில் பாதியை அதற்குக் கீழே உட்கார்ந்து கழித்திருக்கிறேன்.

பதற வேண்டாம் என்று எழுதி வைக்கிறது சுலபம்.

மார்ச் 17, செவ்வாய்

வாக்கு எண்ணுகிற நாள். கடை மறுபடியும் மூடல். ஒரு வேலை செய்திருக்கிறேன். பலிக்குமா தெரியாது.

காலையில் ஈரத்துணியோடு போய் ஷட்டரில் இருந்த என் எழுத்தைச் சுத்தமாகத் துடைத்தேன். துடைக்கும்போது கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். பிறகு அதே சாக்குக்கட்டியால் படம் போட்டேன். பெரிய கத்திரிக்கோல். அதற்கு மேலே ஏறிப் போகிற படிக்கட்டு. படி முடிகிற இடத்தில் ஒரு கதவு. கதவுக்குப் பக்கத்தில் இரண்டு கிளாஸ். இரண்டிலும் கடைசி வாய் மட்டும் மிச்சம் இருப்பதாக அடியில் கோடு போட்டேன்.

தையல்கடை வாசலில் தகரத்தில் வெட்டிய கத்திரிக்கோல் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைப் பார்க்காதவர் கிடையாது.

சைக்கிள்காரர் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். "அங்க எண்ணியே முடிக்கப் போறாங்க. நீங்க இப்பதான் பிரசாரம் பண்றீங்களா?"

ரோந்து வந்த போலீஸ்காரரும் வண்டியை நிறுத்தினார். "கத்திரிக்கோல் யாரு சின்னம்?"

"என் வீட்டுச் சின்னம்யா" என்றேன்.

"குடிச்சிருக்கீங்களா?"

"எங்க குடிக்கிறது? நீங்கதான் மூடி வெச்சிருக்கீங்களே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரன் புகார் கொடுத்தால் அழித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சைக்கிள்காரரிடம், கூட்டாளி வந்தால் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். "கேட்டாத்தான சொல்லணும்? கேக்காமயே காட்டறேன்" என்றார்.

மத்தியானம் பட்டாசுச் சத்தம். சாவி ஜெயித்துவிட்டது. மருந்துக்கடை அம்மாவை மாலையோடு திறந்த வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்கள். கும்பிட்டுக் கும்பிட்டு அவருக்குக் கை ஓய்ந்திருக்கும். தையல்காரர் மனைவி எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

ஆக, கடையும் போகப் போகிறது. அந்த மேசையும் போய்விட்டால் அவனை எங்கே போய்ப் பார்ப்பேன்?

நாற்காலியைத் துடைத்துக் கதவுக்கு எதிரே போட்டிருக்கிறேன். கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். இந்த வரியை எழுதும்போது வெளிச்சம் சுவருக்குப் போய்விட்டது.

மார்ச் 18, புதன்

நேற்று அந்த வரிக்குப் பிறகு எழுத முடியவில்லை. காரணம் எழுதுகிறேன்.

கீழே படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியின் அடிக்கம்பியை யாரோ செருப்பால் தட்டுகிற சத்தம் கேட்டது. டங் என்று ஒரு தட்டு. பிறகு ஒவ்வொரு படியாக மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற சத்தம். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் போய்விடுமோ என்று இருந்தது.

கதவில் வந்து நின்றான். கண்ணில் வழக்கம்போலத் தண்ணீர்.

"மேலயா, கீழயா?" என்று நான் கேட்டேன். முதல் தடவையாக.

"மேலதான்யா. லிஃப்ட்டு குடியிருக்கற வீட்ல ஒரு லிஃப்ட் இல்ல. வெக்கமா இல்ல உனக்கு?" சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "கத்திரிக்கோல் சின்னத்துக்கு ஒரு ஓட்டுப் போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். நான் கட்டிலில்.

வெள்ளிக்கிழமை எழுத்தைப் பார்த்ததும், அதிகாரிகள் கடைக்குச் சீல் வைத்து எழுதிவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டானாம். தேர்தலுக்கு முன்னாலேயே மருந்துக்கடை அம்மா மூட வைத்துவிட்டார் என்று நம்பிவிட்டான். அதனால்தான் ஞாயிறும் திங்களும் அந்தப் பக்கமே வரவில்லை. நேற்று சாவி ஜெயித்த சத்தம் கேட்டதும், இனி ஷட்டரையே பேர்த்துவிடுவார்கள், தான் வைத்த வளையத்தைக் கடைசியாக ஒரு தடவை தட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பியிருக்கிறான்.

"அது நான் எழுதினதுய்யா. என் வீட்டு விலாசம்."

"உன் எழுத்தா அது?" யோசித்தான். "கோணலா இருந்துச்சே. அதிகாரிங்க எழுத்து இப்படியா இருக்கும்னு அப்பவே நெனச்சேன்."

பிறகு கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னிக்கு என்மேல கோவமா?"

"கோவம் என்ன கோவம்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "படிச்சவங்க எங்க உக்காருவாங்கன்னு எனக்குத் தெரியாதா? பேப்பர் வாசிக்கிறவங்க மேசை அந்தப் பக்கம் இருக்கு. நீயும் அங்க போயிடுவ. அங்க ஃபேன் வேற ஓடும்."

தேநீர் போட்டேன். இரண்டு கிளாஸில் ஊற்றினேன். தண்ணீர் வற்றவில்லை, நேற்று நான் எழுதிக்கொண்டிருக்கவில்லை அல்லவா. ஊதி ஊதிக் குடித்தோம். கடைசி வாயில் அவன் கிளாஸை நிறுத்திக்கொண்டு என் கிளாஸைப் பார்த்தான். நான் எடுத்தேன். சேர்ந்து குடித்தோம்.

போகும்போது, "உன் பேரு என்னய்யா?" என்றேன்.

சொன்னான். நல்ல பேர். அவனுக்குப் பொருந்தவே இல்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன் என்றதற்கு, "தெரிஞ்சுக்கிட்டல்ல, மனசுல வெச்சுக்க. எழுதினா கண்டவனும் படிப்பான்" என்றான். அதனால் எழுதவில்லை.

மார்ச் 20, வெள்ளி

வந்தான். இந்த நோட்டை எடுத்து, தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னான். படித்தேன். "நான் எப்பய்யா கண்ணு எரியுதுன்னு சொன்னேன்?" என்று சண்டை. உனக்கும் எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்றேன். "ரெண்டு பேரும் படிச்சா அப்புறம் கேக்கறது யாரு?" என்றான்.

மார்ச் 29, ஞாயிறு

ஒன்பது நாளாக எழுதவில்லை. நேரமே கிடைக்கவில்லை. நான் இப்படி எழுதுவேன் என்று யாராவது போன மாதம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கடை மாத முடிவில் ஊருக்கு வெளியே போகிறதாம். சப்ளையர் எங்களுக்காக வருத்தப்பட்டார். "அவ்வளவு தூரம் எப்படி வருவீங்க?" வர மாட்டோம் என்று வெல்டர் சொன்னதும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது. பழைய ஷட்டரை எடுக்கும்போது அந்த வளையத்தை அறுத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மகள் போன் செய்தபோது வெல்டர் பக்கத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். "யாருப்பா அது?" என்றாள். "சிநேகிதன்மா." "வீட்டுக்கா வந்திருக்காங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். நாங்கள் வெகு நேரம் பேசினோம்.

இன்று வெல்டர் ஒரு இரும்பு ஸ்டூலைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான். தெரிந்த பட்டறையில் மிஷினை வாங்கி அவனே பற்றவைத்தது. "எத்தன நாளைக்கு நீ கட்டில்லயே உக்காருவ?" என்று கீழே வைத்தான். வைத்ததும் அது ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு கால் குட்டை. தன் கையைப் பார்த்துக்கொண்டே, "கை முன்ன மாதிரி இல்ல, பத்த வெச்சது கோணிப்போச்சு. மன்னிச்சுக்க" என்றான்.

கோணலுக்கு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா? இந்த நோட்டின் முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். 'ழ' படுத்துவிடுகிற இடம் வந்ததும் சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் தண்ணீர். இந்தத் தடவை அது சிரிப்பால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆடுகிறது. எழுத்தும் சேர்ந்து ஆடுகிறது. எதிரே நாற்காலியில் அவன், "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்கிறான். மிச்சத்தை அடுத்த வாரம்தான் எழுத வேண்டும். இந்தப் பக்கத்தின் கீழ்ப் பாதியைக் கிழித்து, மடித்து, அந்தக் குட்டைக் காலுக்கு அடியில் வைக்க வேண்டியிருக்கிறது.